மறுப்புக் கடிதத்தோடு வழக்கு முடிந்துவிடாது

சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும் என்பது பழமொழி. உழவருக்கும் நெசவாளருக்கும் அந்தச் சுவர் அவர்தம் உடம்பே ஆகும். அடமானம் வைத்த நிலத்தை என்றேனும் மீட்டுவிடலாம். பழுதான தறியைத் தச்சரைக் கொண்டு சீர்செய்துகொள்ளலாம். அறுவடைக் காலத்தில் கை ஒடிந்துபோனால் அதற்கு மாற்றுக் கை எங்கே வாங்குவது? நாற்பது நாளில் எலும்பு கூடிவிடும் என்று டாக்டர் சொல்லுகிறார். அந்த நாற்பது நாளும் அடுப்பு எரிவது எப்படி என்பதை அவர் சொல்லுவதில்லை. அது அவர் வேலையும் அன்று.

இத்தகைய நாட்களுக்கென்றே இன்ஷூரன்ஸ் என்னும் ஏற்பாடு இருக்கிறது. அதற்குப் பிரீமியம் கட்டியவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் பணம் கேட்கும்போது, ‘கோரிக்கை ஏற்கப்படவில்லை’ என்று இரண்டு வரிக் கடிதம் ஒன்று வந்து சேருகிறது. அதைக் கண்டதும், ‘எல்லாம் நம் தலைவிதி’ என்று மடித்து வைத்துவிடுகிறவர்களே நம்மில் மிகுதி. அப்படி மடித்து வைப்பது தவறு என்பதையும், அக்கடிதத்திற்கு மேல் முறையிட வழி உண்டு என்பதையும், அவ்வழியில் அங்கத்தினருக்குத் துணை நிற்பது சங்கத்தின் கடமை என்பதையும் இம்மாதம் எடுத்துரைக்க விரும்புகிறோம்.

கோடியக்கரையில் நடந்தது

வேதாரண்யத்திற்குத் தெற்கே, நிலம் முடிந்து கடல் தொடங்கும் கோடியக்கரையில் நம் அங்கத்தினர் ஒருவர் வசிக்கிறார். மானாவாரியாகச் சம்பா நெல் சாகுபடி செய்பவர். சென்ற ஆண்டு தை மாதம் களத்து மேட்டில் நெல் மூட்டையோடு வழுக்கி விழுந்து, வலக்கை மணிக்கட்டை முறித்துக்கொண்டார். நம் கிராமத்து வழக்கப்படி முதலில் கட்டு வைத்தியரிடம் போனார். வீக்கம் வடியாததனால் ஏழாம் நாள் தாலுகா ஆஸ்பத்திரிக்குப் போனார். அங்கே எக்ஸ்ரே எடுத்து மாவுக்கட்டுப் போட்டார்கள்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் பட்டணத்தில் கடன் வாங்கப் போன இடத்தில் ஒருவர் எடுத்துக் கொடுத்த தனிநபர் விபத்துப் பாலிசி ஒன்று அவரிடம் இருந்தது. தொகை 2 லட்சம் ரூபாய். விபத்தினால் தற்காலிகமாக உழைக்க இயலாமற்போனால் வாரந்தோறும் அத்தொகையில் நூற்றுக்கு ஒரு பங்கு, அதாவது 2,000 ரூபாய் கிடைக்கும் என்று அதில் எழுதியிருந்தது. பாலிசி இருப்பதே விழுந்து பதினெட்டு நாள் கழித்துத்தான் அவர் நினைவுக்கு வந்தது. பத்தொன்பதாம் நாள் தகவல் கொடுத்தார். ஏழு வாரத்திற்கு 14,000 ரூபாய் கேட்டு மனுச் செய்தார்.

மாசி மாதம் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வந்தது. பக்கத்து வீட்டுப் பிள்ளை படித்துச் சொன்னான்: பணம் கிடையாது. நம் அங்கத்தினர் அதைப் பஞ்சாங்கத்திற்குள் செருகி வைத்தார். மாவுக்கட்டுப் போட்டிருந்த நாட்களிலேயே மனைவியின் தோட்டை நம் சங்கத்தில் அடகு வைத்துக் குடும்பத்தை ஓட்டியவர், இப்போது அதை மீட்கவும் வகையற்றுப்போனார். சித்திரை பிறந்து பழைய பஞ்சாங்கத்தைக் கழிக்கும்போது அக்கடிதம் கீழே விழுந்தது. அடகை நீட்டித்துக்கொள்ள வந்தவர் அதையும் கையோடு கொண்டுவந்தார். அப்போதுதான் நாம் அதைப் படித்தோம்.

மறுத்ததற்குக் காரணம் இரண்டு. பத்தொன்பது நாள் தாமதமாகத் தகவல் கொடுத்தது ஒன்று. அவர் முற்றிலும் இயலாதவராக இருக்கவில்லை, நெல் கொள்முதல் நிலையத்தில் நின்றதை விசாரிக்க வந்தவர் கண்டார் என்பது மற்றொன்று. நின்றது உண்மைதான். தூளியில் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றார். மூட்டை தூக்கியவர்கள் சுமைக்கூலிகள். தம் நெல்லுக்கு எடை போடும் இடத்தில் நிற்காமல் ஓர் உழவர் வீட்டில் படுத்திருப்பாரா?

நம் அலுவலகப் பேரேட்டைப் புரட்டிப் பார்த்தபோது ஒரு சான்று கிடைத்தது. பல ஆண்டுகளாகத் தெளிவாகக் கையெழுத்திட்டு வந்த அவர், தோட்டை அடகு வைத்த அன்று மட்டும் இடக்கைப் பெருவிரல் ரேகை வைத்திருந்தார். வலக்கை உதவாத நிலையில் அவர் இருந்தார் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமோ? அப்பக்கத்தின் நகல், எக்ஸ்ரே, ஆஸ்பத்திரிச் சீட்டுக்கள், ‘இனி வேலை செய்யலாம்’ என்று டாக்டர் எழுதிய சர்டிபிகேட் ஆகியவற்றைச் சேர்த்து, முதலில் கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு எழுதினோம். முடிவை மாற்ற இடமில்லை என்று பதில் வந்தது. பிறகு சென்னையிலுள்ள இன்ஷூரன்ஸ் குறைதீர்ப்பாளருக்கு எழுதினோம். ‘ஆம்புட்ஸ்மேன்’ என்று வழங்கப்படுபவர் இவரே. விசாரணைக்கு நம் அங்கத்தினர் சென்னைக்குப் போக நேரவில்லை. சங்க அலுவலகத்திலிருந்தே திரை வழியாகப் பேசினார்.

ஆறு வாரத்திற்கு 12,000 ரூபாய் கொடுக்கும்படி தீர்ப்பாயிற்று. கட்டு வைத்தியரிடம் இருந்த முதல் வாரத்திற்கு எழுத்துமூலமான ஆதாரம் ஒன்றும் இல்லாததனால் அது தள்ளுபடியாயிற்று. அத்தீர்ப்பில் நமக்குக் குறையில்லை. தோடு மீண்டது. ஆனால் பஞ்சாங்கத்திலிருந்து அக்கடிதம் விழாமற்போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற எண்ணம் நம்மை விட்டு அகலவில்லை. எத்தனை வீடுகளில் எத்தனை கடிதங்கள் அப்படிச் செருகிக் கிடக்கின்றனவோ!

சாவுக்கு உண்டு, சில வாரங்களுக்கு இல்லை

நம்மவர்க்கு இன்று கிடைக்கும் காப்பு எது, கிடைக்காதது எது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். 2015-ஆம் ஆண்டு மத்திய அரசு தொடங்கிய பிரதம மந்திரி சுரக்ஷா பீமா திட்டத்தில் நம் அங்கத்தினர் பலர் சேர்ந்திருக்கிறார்கள். ஆண்டுக்கு 12 ரூபாயாக இருந்த பிரீமியம் 2022 ஜூன் முதல் 20 ரூபாய் ஆயிற்று. விபத்தில் இறந்தாலோ, இரு கண் அல்லது இரு கை கால்களை முற்றிலும் இழந்தாலோ 2 லட்சம். ஒரு கண்ணோ, ஒரு கையோ, ஒரு காலோ போனால் 1 லட்சம். கை ஒடிந்து மீண்டும் கூடினால் ஒன்றும் இல்லை. முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஆஸ்பத்திரிச் செலவை ஏற்கிறது. இழந்த கூலியை ஏற்பதில்லை. 2011-இல் ஏற்பட்ட உழவர் பாதுகாப்புத் திட்டத்தில், சில கொடிய நோய்களால் தற்காலிகமாக உழைக்க இயலாதவர்களுக்கு மாத உதவி என்ற கொள்கை இடம்பெற்றது. நல்ல கொள்கைதான், ஆயினும் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்தவர் அதன் நிழலில் ஒதுங்க முடியாது.

ஆலைத் தொழிலாளர்களின் நிலை வேறு. 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிறந்து, 1952-இல் கான்பூரிலும் டில்லியிலும், 1955-இல் கோயமுத்தூரிலும் நடைமுறைக்கு வந்த ஈ.எஸ்.ஐ. திட்டத்தில், நோயுற்ற தொழிலாளிக்குக் கூலியில் நூற்றுக்கு எழுபது பங்கு ஆண்டுக்கு 91 நாள்வரை கிடைக்கும்படி ஏற்பாடு செய்தார்கள். வேலையில் காயம் பட்டால் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு, இயலாமை தீரும்வரை. அந்தச் சட்டம் இப்போது 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் சேர்ந்துவிட்டது. திருப்பூர்ப் பனியன் கம்பெனிகளுக்குப் போயிருக்கும் நம் பிள்ளைகளுக்கு இந்தக் காப்பு உண்டு. மறுக்கப்பட்டால் முறையிடுவதற்கென்று தனி நீதிமன்றமும் உண்டு. ஊரில் இருந்து உழுகின்ற தந்தைக்கும், தறிக்குழியில் இறங்கி நெய்கின்ற தாய்க்கும் அது இல்லை. ஏனெனில் அவர்களுக்கு முதலாளி என்று ஒருவர் இல்லை.

இந்தக் குறை உலகத்திற்குப் புதிதன்று. ஜெர்மனியில் 1883-ஆம் ஆண்டிலேயே, நோயுற்ற தொழிலாளிக்குப் பாதிக் கூலியைப் பதின்மூன்று வாரம்வரை கொடுக்கச் சட்டம் செய்தார்கள். அமெரிக்காவில் ரோட் தீவு மாநிலம் 1942-இலும், கலிபோர்னியா 1946-இலும் தற்காலிக இயலாமைக்கென்றே தனிக் காப்பீட்டை ஏற்படுத்தின. கலிபோர்னியாவில் கோரிக்கையை மறுத்தால், மறுப்பு அறிவிப்போடு அப்பீல் படிவத்தையும் சேர்த்தே அனுப்பிவிடுகிறார்கள். கதவைச் சாத்துகிறவர், அடுத்த கதவு எங்கே இருக்கிறது என்பதையும் சொல்லிவிட்டுத்தான் சாத்த வேண்டும் என்பது அங்கே முறை. நம் நாட்டில் அப்படியா நடக்கிறது?

முறையிடும் வழி

வழி மூன்று படிகளைக் கொண்டது. ஒவ்வொன்றிற்கும் காலக்கெடு உண்டு என்பதை அங்கத்தினர்கள் மறவாதிருக்க வேண்டும்.

முதற்படி, கம்பெனியின் குறைதீர் அதிகாரி. மறுப்புக்குக் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். வாய்ச்சொல்லாக மறுத்தால் அதை ஏற்கலாகாது. காரணம் எதுவோ அதற்கு மட்டும் சுருக்கமாகவும் ஆதாரத்தோடும் பதில் எழுதி, போய்ச் சேர்ந்ததற்குச் சான்று கிடைக்கும்படி தபாலில் அனுப்ப வேண்டும். ஏசுவதினாலும் கண்ணீரினாலும் பயனில்லை. எக்ஸ்ரேயும் தேதியும் பேசட்டும்.

இரண்டாம் படி, குறைதீர்ப்பாளர். கம்பெனி மறுத்துவிட்டாலோ, ஒரு மாதம்வரை பதிலே தராவிட்டாலோ அவரிடம் போகலாம். ஓர் ஆண்டுக்குள் போக வேண்டும். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டுவதில்லை. தபாலிலும் கணினி வழியாகவும் மனு அனுப்பலாம். 2021-இல் விதிகள் திருத்தப்பட்டபின் திரைவழி விசாரணைக்கும் இடம் உண்டாயிற்று. தேவையான காகிதங்கள் யாவும் கிடைத்த மூன்று மாதத்திற்குள் தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்பது விதி. அத்தீர்ப்பு கம்பெனியைக் கட்டுப்படுத்தும். முப்பது நாளுக்குள் அது நிறைவேற்ற வேண்டும். மனுதாரருக்குத் தீர்ப்பில் திருப்தியில்லையென்றால் அவர் மேலே போகத் தடையில்லை.

மூன்றாம் படி, மாவட்ட நுகர்வோர் ஆணையம். நம்மவர்க்கு நாகப்பட்டினம். 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, வாங்கியவர் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்கிடலாம். கம்பெனியின் தலைமை அலுவலகம் எந்தப் பட்டணத்தில் இருந்தாலும் அங்கே அலைய வேண்டுவதில்லை. இதற்குக் காலவரையறை இரண்டு ஆண்டு. ஆனால் ஆணையத்தில் வழக்கு நடக்கும்போது குறைதீர்ப்பாளர் அதே மனுவை ஏற்கமாட்டார். ஆகவே முதலில் எங்கே போவது என்பதை ஆலோசித்தே முடிவு செய்ய வேண்டும். வக்கீல் வேண்டுமென்றால், வசதியற்றவர்களுக்கு 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி இலவச சட்ட உதவி உண்டு.

சட்டமும் நம் பக்கத்தில் இல்லாமலில்லை. தாமதமாகத் தகவல் கொடுத்தார் என்பதை மட்டுமே காட்டி நேர்மையான கோரிக்கையை இயந்திரம்போல் தள்ளிவிடக்கூடாது என்று இன்ஷூரன்ஸ் கண்காணிப்பு ஆணையம் 2011 செப்டம்பரில் எல்லாக் கம்பெனிகளுக்கும் சுற்றறிக்கை அனுப்பியது. 2017-இல் ஒரு லாரித் திருட்டு வழக்கில் உச்ச நீதிமன்றமும் அதே கருத்தை வற்புறுத்தியது. தாமதத்திற்குத் தக்க காரணம் சொல்லப்பட்டால் அதை ஏற்க வேண்டும் என்றது. மறுப்புக் கடிதத்தில் சொல்லாத புதுக் காரணத்தைக் கம்பெனி பின்னர் எடுத்துவர முடியாது என்று 2019-இல் மற்றொரு வழக்கில் அந்நீதிமன்றமே தீர்ப்பளித்தது. ஆகையால்தான் அக்கடிதத்தைப் பத்திரமாக வைத்திருங்கள் என்கிறோம். நமக்கு எதிராக எழுதப்பட்ட அக்கடிதமே, எழுதியவரைக் கட்டிப்போடும் கயிறாகவும் ஆகிறது.

மறுப்பெல்லாம் அநியாயமா?

அன்று. இதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். இன்ஷூரன்ஸ் என்பது பலர் கூடிப் போட்ட பொதுப் பானை. விபத்து நடந்த தேதியை மாற்றியும், ஆறிப்போன காயத்தை ஆறவில்லை என்றும், இருந்த நோயை மறைத்தும் அதில் கைவிடுபவர் கம்பெனியை மட்டும் ஏமாற்றுவதில்லை; பிரீமியம் கட்டும் மற்ற உழவரையும் நெசவாளரையும் சேர்த்தே ஏமாற்றுகிறார். ஒரு பொய்க் கோரிக்கை பத்து மெய்க் கோரிக்கைகளின் மீது சந்தேகத்தை விளைவிக்கிறது. அத்தகைய மனுவுக்குச் சங்கம் ஒருபோதும் முத்திரை வைக்கலாகாது. அப்பீல் எழுதுமுன் அங்கத்தினரிடம் நாமே கடுமையாக விசாரிக்க வேண்டும். நாம் விசாரித்து அனுப்பிய மனு என்றால் அதற்கு ஒரு மதிப்பு உண்டாகும். அந்த மதிப்பே நாளை வேறோர் அங்கத்தினருக்குக் கைகொடுக்கும்.

செய்ய வேண்டுவன

கம்பெனிகளிடமும் அரசாங்கத்திடமும் நாம் கேட்பது பெரிதன்று. மறுப்புக் கடிதம் பாலிசிதாரர் படிக்கும் மொழியில் வர வேண்டும். எந்த நிபந்தனையின் கீழ் மறுக்கப்பட்டது, எந்த ஆதாரம் குறைந்தது, எந்தத் தேதிக்குள் யாரிடம் முறையிடலாம் என்பவை அதில் இருக்க வேண்டும். அப்பீல் படிவம் உடனிருக்க வேண்டும். மருத்துவக் காப்பீட்டில் பாலிசியின் சாரத்தை எளிய நடையில், கேட்பவருக்கு அவர் மொழியில் கொடுக்க வேண்டும் என்று 2024 ஜனவரி முதல் விதி செய்திருக்கிறார்கள். விற்கும்போது தமிழ் வருமென்றால், மறுக்கும்போது வராமற்போவானேன்?

சங்கங்கள் செய்ய வேண்டுவதும் உண்டு. பிறரைக் கேட்கும் முன் அதை நாம் செய்வதே முறை.

ஒவ்வோர் அங்கத்தினரின் பாலிசி நகலும் சங்கத்தில் ஓர் உறையில் இருக்கட்டும். 2018 நவம்பர் 16-ஆம் நாள் கஜா புயல் வேதாரண்யம் பக்கத்தில் கரையைக் கடந்தபோது, கூரையோடு காகிதமும் போன வீடுகள் எத்தனை என்பதை நாம் மறக்கவில்லை. ஒருவருக்குக் காயம் பட்டது என்று கேள்விப்பட்ட அன்றே, ‘பாலிசி உண்டா?’ என்று கேட்டுத் தகவல் அனுப்பும் பொறுப்பை நிர்வாகக் குழுவினர் ஒருவர் ஏற்கட்டும். கட்டு வைத்தியரிடம் போவதை நாம் தடுக்கவில்லை; ஆனால் அதற்குமுன் ஒருமுறை அரசாங்க ஆஸ்பத்திரியில் சீட்டு வாங்கி எக்ஸ்ரே எடுத்துக்கொள்ளட்டும். கோடியக்கரை அங்கத்தினர் இழந்த ஒரு வாரம் நமக்குக் கற்பித்த பாடம் அது. மறுப்புக் கடிதங்களுக்கென்று ஒரு பதிவேடு வைத்து, வந்த தேதியையும் முறையீட்டின் கடைசித் தேதியையும் அதில் குறிக்கட்டும். மாதக் கூட்டத்தில் அதைப் படித்தால் ஐந்து நிமிஷம்கூட ஆகாது.

பாலிசி இல்லாதவர்கள் கதி என்ன? 1844-இல் இங்கிலாந்து தேசத்து ராச்டேல் நகரில் இருபத்தெட்டுப் பேர் கூடிக் கூட்டுறவுக் கடை தொடங்கினார்களே, அவர்களில் நெசவாளரும் இருந்தனர். அக்காலத்தில் அந்நாட்டுத் தொழிலாளர், வாரந்தோறும் சில காசு போட்டு, நோயில் விழுந்தவருக்கு அதிலிருந்து கொடுக்கும் சகாய சங்கங்களைத் தாங்களே நடத்திவந்தார்கள். அரசாங்கத்தின் சட்டம் வரும்வரை அவர்கள் காத்திருக்கவில்லை. நம் துணைவிதிகளில் பொதுநல நிதிக்கு இடம் இருக்குமாயின், அதில் ஒரு பகுதியை இயலாமைக் காலத்து உதவிக்கென ஒதுக்குவது பற்றி அடுத்த பேரவைக் கூட்டத்தில் ஆலோசிக்கலாகாதா? விரல் நசுங்கித் தறியில் உட்கார முடியாத நெசவாளிக்கு, நூல் முன்பணத்தை அடைக்கத் தவணை கொடுப்பதும் ஓர் உதவியே ஆகும்.

12,000 ரூபாய்க்காகவா இவ்வளவு எழுத்து என்று சிலர் கேட்கலாம். அந்தப் பணம் அவர் கட்டிய பிரீமியத்தின் பயன், அவருக்கு உரியது. உரியதைக் கேட்பதில் வெட்கமில்லை. கேளாமல் விட்டால் அடுத்தவருக்கும் அதே கடிதம், அதே இரண்டு வரியோடு வரும்.

காவிரிப் பாசனத்தில் கடைமடைக்காரர் அனுபவம் நமக்குத் தெரியும். தலைமடையில் நீர் தானாகப் பாய்கிறது. கடைமடையிலோ ஒருவர் மண்வெட்டியோடு போய் அடைப்பை வெட்டிவிட்டால்தான் வந்து சேருகிறது. நியாயமும் இந்நாட்டில் பெரும்பாலும் அப்படித்தான் வருகிறது. தனி ஆளாகப் போகிறவர் களைத்துத் திரும்பிவிடுவார்; சங்கமாகப் போனால் அடைப்பு திறக்கும். ஆகவே அங்கத்தினர்களை வேண்டிக்கொள்கிறோம்: வீட்டிலுள்ள பெட்டியையும் பஞ்சாங்கத்தையும் ஒருமுறை பிரித்துப் பாருங்கள். அப்படி ஒரு கடிதம் அகப்பட்டால், அதன் தேதியைப் பார்த்து, தாமதமின்றிச் சங்கத்திற்குக் கொண்டுவாருங்கள்.